இறங்க இடமில்லாத ஏணி

ஸ்காட்லாந்து தேசத்தின் ஜனத்தொகை 54 லட்சம். மூன்றாகப் பிரிக்கப்படுவதற்கு முன்னால் வேலூர் ஜில்லாவின் ஜனத்தொகை, 2011-ஆம் வருஷக் கணக்குப்படி, 39 லட்சம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தச் சிறு தேசத்தின் தேசிய கால்பந்து லீக்கில் மட்டும் 42 கோஷ்டிகள் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழே பிராந்திய லீக்குகளில் இன்னும் நூற்றுக்கு மேல். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் தோல் பிரதேசத்தில் பந்து உதைக்காத பையன் அபூர்வம். ஆயினும் இங்கே ஒரு கோஷ்டி நன்றாக ஆடினால் அடுத்து எங்கே போவது என்று கேட்டால், பதில் சொல்வது சுலபமல்ல.

அங்கே எப்படி நடக்கிறது? 42 கோஷ்டிகளில் கடைசியாக வருவது, வருஷ முடிவில் ஒரு பரீட்சைக்கு உட்பட வேண்டும். வடக்கே ஹைலண்ட் லீக், தெற்கே லோலண்ட் லீக். முன்னது 1893-ல் பிறந்தது, பின்னது 2013-ல். இரண்டிலும் முதலிடம் பெற்றவை தம்முள் மோதும். கெலித்த கோஷ்டி, மேலே கடைசியாக வந்த கோஷ்டியோடு இரண்டு பந்தயம் ஆடும். தோற்றால் மேலே உள்ளது கீழே போக வேண்டியதுதான். 2014-15 முதல் அமலில் இருக்கும் ஏற்பாடு இது. 2016-ல் எடின்பரோ சிட்டி ஏறியது, ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் இறங்கியது. 2019-ல் கோவ் ரேஞ்சர்ஸ் இரண்டு பந்தயங்களிலுமாக 7 கோல் போட்டு பெர்விக் ரேஞ்சர்ஸைக் கீழே தள்ளியது. பெர்விக் என்ற ஊர் இருப்பது இங்கிலாந்தில். ஆடுவது மட்டும் ஸ்காட்லாந்தில். எல்லைப்புறத்து ஊர்களின் வாழ்க்கை எங்கும் அப்படித்தான்.

வடக்கு, தெற்கு என்று ஏன் பிரித்தார்கள்? பெருமைக்காக அல்ல, பஸ் சத்தத்துக்காக. கீழ்ப்படியில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்ப்பவர்கள். சனிக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். ஆகவே கீழே போகப் போகப் பிரயாணமும் சுருங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சுரங்க ஊரும் தோல் ஊரும்

அங்கே "ஜூனியர்" கால்பந்து என்று ஒன்று உண்டு. சிறுவர்கள் ஆட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. வளர்ந்த ஆண்கள் ஆடுவது. தேசிய லீக்கோடு சேராமல் தனிச் சங்கம் வைத்துக்கொண்டதால் வந்த பெயர். இவை பெரும்பாலும் சுரங்க ஊர்களிலும் மில் ஊர்களிலும் வேர்விட்டவை. அயர்ஷயரில் ஆகின்லெக் என்ற சிற்றூரின் டால்பட் கோஷ்டி இதற்கு நல்ல உதாரணம். ஊருக்குச் சோறு போட்ட பாரனி நிலக்கரிச் சுரங்கம் 1989-ல் மூடப்பட்டது. சுரங்கம் போயிற்று, கோஷ்டி போகவில்லை. 2019 ஜனவரியில் ஸ்காட்டிஷ் கோப்பைப் பந்தயத்தில், தேசிய லீக்கின் இரண்டாம் படியில் இருந்த அயர் யுனைடெட்டை அது 1-0 என்று கெலித்தது. அடுத்த வருஷமே மேற்குப் பகுதி ஜூனியர் கோஷ்டிகள் தங்கள் தனிக்குடித்தனத்தை விட்டு, 67 கோஷ்டிகளோடு மேற்கு ஸ்காட்லாந்து லீக் என்று ஏணியின் அடிப்படியில் சேர்ந்துகொண்டன.

ஒரே தொழிலை நம்பி வாழும் ஊர் என்ன என்பதை ஆம்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீதம் வரி போட்டபோது, அந்தச் செய்தியை இங்குள்ள காலணித் தொழிற்சாலைகள் எவ்வளவு கலக்கத்தோடு படித்தன என்பது தெரிந்ததே. பக்கத்துக் கோலார் தங்கவயலின் கதையும் அறியாததல்ல. வட ஆற்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போன அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. தொழில் தடுமாறும்போது ஊருக்கு ஊர் என்ற பெயரைக் காப்பாற்றித் தருவது என்ன? ஆகின்லெக்குக்குப் பதினொரு பேர் கிடைத்தார்கள்.

புரவலர் போனால்?

"பணக்காரர் ஒருவர் கை கொடுத்தால் போதும், கோஷ்டி தானே வளர்ந்துவிடும்" என்ற அபிப்பிராயம் இந்தப் பக்கத்தில் பலருக்கு உண்டு. கொடைக்குப் பேர் போன பிரதேசம் இது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-லும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969-லும் எழுந்தது பெரும்பாலும் வியாபாரிகளின் உபகாரத்தால்தான். ஆனால் கல்லூரி வேறு, கால்பந்துக் கோஷ்டி வேறு. கிரெட்னா என்ற ஸ்காட்டிஷ் கிராமத்தில் சுமார் 3,000 பேர். புரூக்ஸ் மைல்சன் என்ற தனவந்தர் பணத்தை இறைத்தார். கோஷ்டி 2006-ல் கோப்பை இறுதிப் பந்தயம் வரை போயிற்று. 2007-ல் தேசத்தின் முதல் படிக்கே ஏறியது. தனவந்தர் நோயில் விழுந்தார்; 2008-ல் கோஷ்டி திவாலாகிக் கலைந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரசிகர்கள் கூடி "கிரெட்னா 2008" என்று புதுக் கோஷ்டி அமைத்து, கீழ்ப்படி லீக் ஒன்றில் சேர்ந்து மறுபடி ஆடத் தொடங்கினார்கள். விழுந்தவனுக்குக் கால் ஊன்றத் தரை இருந்தது.

நம் மாகாணத்துக் கதையைப் பாருங்கள். 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று சென்னையில் தோன்றியது, பிறகு சென்னை சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டு, 2019 மார்ச் 9 அன்று ஐ லீக் பட்டத்தையே கெலித்தது. தமிழ்நாட்டுக் கோஷ்டி ஒன்றுக்கு அதுவே முதல் முறை. இரண்டே வருஷம். 2021-க்குப் பிறகு அந்தப் போட்டியில் அதன் பெயர் இல்லை. ஆட்டத்தில் தோற்று ஒரு படி இறங்கியிருந்தால் ஏறி வரலாம். இது ஏணியிலிருந்தே மறைந்துவிட்டது. பிரெக்கின் சிட்டி 2021-ல் இறங்கி 2023-ல் ஹைலண்ட் லீக்கில் முதலாவதாக வந்ததை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

சென்னை லீக்கில் ஏற்றமும் இறக்கமும் உண்டு, மறுக்கவில்லை. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., சுங்க இலாகா என்று உத்தியோகம் கொடுத்து ஆட்டக்காரர்களை வளர்த்த ஸ்தாபனங்களின் கைங்கரியம் அது. ஆனால் அது சென்னைக் கிளப்புகளின் லீக். ஆம்பூர்ப் பையனுக்கு அதில் இடம் வேண்டுமானால் 185 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தங்க வேண்டும். அவன் ஊர்க் கோஷ்டி போக முடியாது. தேசத்தின் உச்சியிலும் நிலைமை இதுதான். 2014-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் 2023-லிருந்துதான் ஆடி ஏற வழி திறந்தது. ஆட்டத்தில் தோற்றதற்காக 2025 வரை ஒரு கோஷ்டியும் கீழே இறக்கப்பட்டதில்லை. 2025 ஜூலையில் ஒப்பந்தத் தகராறினால் அந்த லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டதும், செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அங்கீகரித்த சம்மேளன விதிகளில் ஏற்ற இறக்கம் கட்டாயம் என்று இடம் பெற்றதும் செய்தியாயின. உச்சிக்கு விதி வந்தது சரி. ஜில்லாவுக்கு யார் எழுதுவது?

விதி என்றால் கறாரும் கூடவே வரும். சாதாரண ஊர்க் கோஷ்டியாயிருந்து 2022-ல் மேலே ஏறிய பானிரிக் ரோஸின் மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று 6 புள்ளிகளை வெட்டினார்கள்; 2025-ல் அது ஈஸ்ட் கில்பிரைடிடம் தோற்று இறங்கியது. பாலாற்று மணலில் பழகிய கால்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.

பெண்களை இதில் மறந்தால் கணக்கே தப்பு. தேசிய சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் கெலித்தார்கள். சந்தோஷ் கோப்பையை இந்த மாகாணத்து ஆண்கள் இன்றுவரை தொட்டதில்லை. காலணித் தொழிற்சாலைகளில் தையல் மெஷின்முன் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான். லீக் என்று ஒன்று பிறந்தால் அது இரண்டு பிரிவோடு பிறப்பதே நியாயம்.

பிறக்க என்ன தடை? மைதானம் இல்லையென்று சொல்ல முடியாது: மேலே சொன்ன கல்லூரிகள் போக, வேலூரில் 1898-லிருந்து ஊரிஸ் இருக்கிறது, திருப்பத்தூரில் 1951-லிருந்து தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. 2019-ல் ஜில்லா மூன்றானதால் எல்லை குறுக்கிடும் என்பார்கள். ரயிலுக்கு அந்த எல்லை தெரியாது. அரக்கோணம், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஸ்டேஷன்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன. முதலிலிருந்து கடைசி வரை சுமார் 145 கிலோமீட்டர். ஹைலண்ட் லீக்கில் ஆடும் விக் ஊர்க் கோஷ்டி, அபர்டீனில் ஒரு பந்தயம் ஆட 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், அவ்வளவு தூரம் திரும்பியும் வருகிறது.