கடலுக்கு அடியில் 20 நிமிடம். நிலையத்தில் ஒன்றரை மணி நேரம்!

லண்டனில் இருந்து பாரீசுக்கு ரெயில் போகிறது.

நடுவில் கடல் இருக்கிறதே என்று கேட்கலாம். ரெயில் அந்தக் கடலுக்கு அடியிலேயே போகிறது!

லண்டனில் ஏறி உட்கார்ந்தால் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் பாரீஸ் வந்துவிடும். கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

"இரண்டு நாள் லீவு கிடைத்தால் பாரீசைப் பார்த்து வரலாமே!" என்று லண்டனில் வாழும் குடும்பங்கள் நினைக்கின்றன. இந்தியாவில் இருந்து லண்டனுக்கு மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போகிற பெற்றோருக்கும் இதே ஆசைதான்.

ஆசை நியாயமானது. ஆனால், இந்தப் பயணம் எளிதா, கடினமா என்பதை முடிவு செய்வது ரெயில் அல்ல; ரெயில் நிலையத்தில் இருக்கும் பாஸ்போர்ட் மேஜை!

இரண்டு பக்கமும் தோண்டினார்கள்

இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் கடலுக்கு ஆங்கிலக் கால்வாய் என்று பெயர். அதற்கு அடியில் சுரங்கம் தோண்டும் வேலை 1988-ல் மும்முரமாக நடந்தது. இங்கிலாந்து தொழிலாளர்கள் ஒரு பக்கம் தோண்டினார்கள். பிரெஞ்சுத் தொழிலாளர்கள் மறு பக்கம் தோண்டினார்கள். 1990 டிசம்பர் 1-ந் தேதி கடலுக்கு அடியில் இரு தரப்பாரும் சந்தித்துக் கை குலுக்கினார்கள்.

1994 மே 6-ந் தேதி இங்கிலாந்து ராணி எலிசபெத்தும், பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரானும் சுரங்கத்தைத் திறந்து வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் "யூரோஸ்டார்" ரெயில் ஓடத் தொடங்கியது.

சுரங்கத்தின் நீளம் 50 கிலோ மீட்டர். அதில் சுமார் 38 கிலோ மீட்டர் கடலுக்கு அடியில் இருக்கிறது. தரையில் மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும் ரெயில், சுரங்கத்துக்குள் 160 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. சுமார் 20 நிமிடத்தில் கடலைக் கடந்து விடுகிறது.

2024-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 12 லட்சம் பேர் யூரோஸ்டார் ரெயிலில் இந்தச் சுரங்கத்தைக் கடந்தார்கள்.

லண்டனில் பிரெஞ்சுப் போலீஸ்!

பிரான்சு நாட்டின் எல்லை எங்கே இருக்கிறது?

கடலின் அக்கரையில் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். ரெயில் பயணிக்கு அது சரியான பதில் அல்ல. அவருக்குப் பிரான்சின் எல்லை, லண்டன் செயிண்ட் பாங்க்ராஸ் ரெயில் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது!

அங்கே பிரெஞ்சுப் போலீசார் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். அதேபோல, பாரீஸ் ரெயில் நிலையத்தில் இங்கிலாந்து அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு இப்படி ஏற்பாடு செய்திருக்கின்றன.

இதில் பயணிக்கு ஒரு லாபம் உண்டு. பாரீசில் இறங்கியதும் நேரே தெருவுக்குப் போய்விடலாம்.

ஒரு கஷ்டமும் உண்டு. பாஸ்போர்ட்டில் ஏதாவது கோளாறு இருந்தால், லண்டன் நிலையத்திலேயே பயணம் முடிந்து போகும். கண் எதிரே ரெயில் புறப்பட்டுப் போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வரிசை நீண்டது ஏன்?

முன்பு இங்கிலாந்து நாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், முத்திரை கிடையாது. இங்கிலாந்து 2020 ஜனவரி 31-ந் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. 2021 முதல் அந்த நாட்டவரும் வெளிநாட்டுக்காரராக வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்து முத்திரை போட வேண்டியதாயிற்று.

ரெயில் நிலையக் கூடமோ 2007-ல் திறந்தது. இத்தனை சோதனை வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. இடம் போதவில்லை.

விளைவு என்ன? ஒரு ரெயிலில் சுமார் 900 பேர் போகலாம். 2023 தொடக்கத்தில், காலை ரெயில்கள் சிலவற்றில் 350 இடங்கள் வரை விற்காமலே விட்டார்கள்! பயணிகள் இல்லாமல் அல்ல. அத்தனை பேரையும் நேரத்துக்குள் சோதித்து அனுப்ப முடியவில்லை.

2025 அக்டோபர் 12-ந் தேதி இன்னொரு சோதனை தொடங்கியது. ஐரோப்பாவுக்குள் வரும் வெளிநாட்டவரின் முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். கைரேகையும் எடுக்கிறார்கள். 12 வயதுக்கு உள்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை கிடையாது. ஏற்கெனவே விசா வாங்கும்போது கைரேகை கொடுத்தவர்களுக்கு முகப்படம் மட்டும் எடுத்தால் போதும். முத்திரைக்குப் பதிலாக இந்தப் பதிவுதான் இனிக் கணக்கு.

ஆகவே, ரெயில் புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருப்பது நல்லது. கடைசி அரை மணி நேரத்தில் வந்தால் கதவு மூடியிருக்கும்.

ஒரு விசா போதாது

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பலர் ஏமாறும் இடம் இது. "லண்டன் விசா இருக்கிறதே, பாரீசுக்கும் செல்லும்" என்று நினைத்து விடுகிறார்கள். செல்லாது!

பிரான்சுக்கு "ஷெங்கன்" விசா தனியாக வாங்க வேண்டும். அந்த ஒரே விசாவில் 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம். இங்கிலாந்து அந்த 29-ல் இல்லை.

2024 ஜூனில் இந்த விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ ஆக உயர்ந்தது. 6 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45 யூரோ. கணவன், மனைவி, 8 வயதில் ஒரு பையன், 10 வயதில் ஒரு பெண் என்றால், 270 யூரோ விசாவுக்கே போய்விடும்.

எங்கே விண்ணப்பிப்பது? பொதுவாக, நிரந்தரமாக வாழும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். லண்டனில் வேலை பார்ப்பவர் லண்டனில் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் இருந்து சுற்றிப் பார்க்கப் போகிற பெற்றோர், இந்தியாவிலேயே வாங்கிக்கொண்டு புறப்படுவதுதான் சரி.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பாரீசில் இருந்து திரும்பும்போது, இங்கிலாந்துக்குள் மீண்டும் நுழைய அந்த நாட்டு விசா செல்லுபடியாக இருக்க வேண்டும். தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டிக்கெட் ஏன் இந்த விலை?

பல நாட்களில் விமான டிக்கெட்டைவிட ரெயில் டிக்கெட் அதிகமாக இருக்கிறது. தரையில் ஓடும் ரெயிலுக்கு, வானத்தில் பறக்கும் விமானத்தைவிட ஏன் அதிகப் பணம்?

காரணங்கள் மூன்று.

முதலாவது, சுரங்கக் கட்டணம். சுரங்கத்தைக் கட்ட, மதிப்பிட்டதைவிட 80 சதவீதம் கூடுதலாகச் செலவாயிற்று. அதை நடத்துவது தனியார் கம்பெனி. உள்ளே போகும் ஒவ்வொரு ரெயிலுக்கும், ஒவ்வொரு பயணிக்கும் அது பணம் வாங்குகிறது.

இரண்டாவது, வரி. வெளிநாடு போகும் விமானத்தின் எண்ணெய்க்கு வரி கிடையாது. அந்தச் சலுகை விமானத்தின் விலையைக் குறைக்கிறது.

மூன்றாவது, போட்டி இல்லை. 1994-ல் இருந்து இந்த வழியில் பயணிகள் ரெயில் விடுவது யூரோஸ்டார் ஒன்றுதான். தெருவில் ஒரே கடை இருந்தால், அந்தக் கடைக்காரர் சொன்னதுதானே விலை? ஸ்பெயின் நாட்டில் மாட்ரிட்-பார்சலோனா வழியில் 2021-க்குப் பிறகு போட்டிக் கம்பெனிகள் வந்தன. அங்கே கட்டணம் நன்றாகக் குறைந்தது.

இங்கும் மாறுதல் வரக்கூடும். 2025 அக்டோபரில், லண்டனில் உள்ள ரெயில் பணிமனையில் "விர்ஜின்" கம்பெனிக்கு இடம் தர இங்கிலாந்து அதிகாரிகள் முடிவு செய்தார்கள். 2030-ல் ரெயில் விடுவது அந்தக் கம்பெனியின் திட்டம். யூரோஸ்டாரும் சும்மா இருக்கவில்லை. மாடி வைத்த புதிய ரெயில்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது.

ஆனால், ரெயில் பெருகினால் மட்டும் போதாது. பாஸ்போர்ட் மேஜையும் பெருக வேண்டும். இல்லாவிட்டால் மாடி ரெயிலிலும் இடம் காலியாகத்தான் போகும்!

அதுவரை பயணிக்கு ஒரே வழி, முன்கூட்டியே டிக்கெட் வாங்குவது. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆனால், விசா கைக்கு வருமுன் டிக்கெட் வாங்குகிறவர்கள், தேதியை மாற்ற முடியுமா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் போச்சு!

இரண்டு நாளில் என்ன பார்க்கலாம்?

பாரீஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. லண்டனில் காலை 9 மணிக்குப் புறப்பட்டால், பாரீசில் இறங்கும்போது பகல் 12 மணிக்கு மேல் ஆகிவிடும். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கிடைத்து விடும்.

330 மீட்டர் உயரமான ஈபிள் கோபுரத்தையும், சேன் ஆற்றங்கரையையும் முதல் நாள் பார்க்கலாம். 2019-ல் தீப்பிடித்த நோத்ருதாம் தேவாலயத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

மோனாலிசா ஓவியம் உள்ள லூவர் கண்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாத பெரியவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ. அதை முழுதும் பார்க்க இரண்டு நாளும் போதாது. முதல் தடவை போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்க ஓடினால், கால் வலிதான் மிஞ்சும்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. ரெயில் வந்து நிற்கும் வடக்கு நிலையத்துக்குப் பின்னால், லா சாப்பல் என்ற பகுதியில் இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இட்லியும் உண்டு, கொத்து ரொட்டியும் உண்டு! அங்குள்ள மாணிக்க விநாயகர் கோயிலின் தேர், ஆண்டுதோறும் பாரீஸ் வீதிகளில் பவனி வருகிறது.

ஒரு நாள் இடைவெளி

ரெயில் எப்போதும் ஓடும் என்று நம்பிவிடவும் கூடாது. 2025 மார்ச் 7-ந் தேதி, பாரீஸ் அருகே தண்டவாளத்தின் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெடிகுண்டு ஒன்று அகப்பட்டது. ரெயில்கள் நின்றன. அதே ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி சுரங்கத்தில் மின்சாரக் கோளாறு. புத்தாண்டுக்குப் புறப்பட்ட ஆயிரக்கணக்கான பேர் நிலையத்தில் தவித்தார்கள்.

ஆகவே, பாரீசில் இருந்து திரும்பும் நாளிலேயே இந்தியாவுக்கு விமானம் ஏறத் திட்டம் போடக்கூடாது. நடுவில் ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

கடலுக்கு அடியில் 38 கிலோ மீட்டர் பாறையைக் குடைந்து வழி செய்தான் மனிதன். அதற்கு 6 ஆண்டுகள்தான் ஆயிற்று. ஆனால், ஒரு பாஸ்போர்ட் மேஜையைத் தாண்டும் வழியை எளிதாக்க 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் முடியவில்லை!