இளைப்பாறியோருக்கு ஒரு விண்ணப்பம்

ஆடியமாவாசையன்று கீரிமலைக் கேணியில் நீராடித் தந்தையர் கடன் கழிக்கப் பல்லாயிரவர் கூடுவதை யாவரும் அறிவர். நாம் கூற வந்தது அந்நாளைப் பற்றியன்று. ஏனைய நாட்களில், வெயில் ஏறுமுன், அக்கேணிப் படிகளில் அமர்ந்திருப்போரைப் பற்றியது. நகுலேஸ்வரப் பெருமானை வணங்கி, கடலருகே ஊறிவரும் அந்நன்னீரில் மூழ்கியெழுந்து, ஈரவேட்டியை உலரவிட்டு நாட்டு நடப்பை அலசும் அவர்களுள் பெரும்பாலோர் இளைப்பாறிய உத்தியோகத்தர். தபாலதிபர் உளர், இலிகிதர் உளர், நில அளவையாளரும் கணக்காளரும் பாடசாலை அதிபரும் உளர். சிலருக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. ஐம்பத்தைந்திலேயே தாமாக விலகி வந்தவர்கள்.

இளைப்பாறுதல் என்பது எம்மவர் வழங்கும் அழகிய சொல். வழிநடந்து களைத்தவன் மடத்துத் திண்ணையில் சற்றே இருந்து எழுவதுதான் இளைப்பாறல். எழுந்தபின் நடக்கவேண்டிய வழி அவனுக்கு எஞ்சியிருக்கும். எம்மவருட் பலரோ திண்ணையிலேயே இருந்துவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்துக்கு இளைப்பாறியோர் புதியவரல்லர். மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து, உபகாரச் சம்பளத்துடன் திரும்பியோர் கட்டிய கல்வீடுகள் பல ஊர்களில் இன்றும் நிற்கின்றன. பின்னர் வந்தது 1956. கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே ஆண்டிலேதான், 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டமும் நிறைவேறியது. சிங்களத் தேர்ச்சி இல்லையேல் சம்பள உயர்வு இல்லை என்றாயிற்று. கோடீஸ்வரன் என்ற உத்தியோகத்தர் அதனை எதிர்த்து வழக்காடினார். 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1969 இல் பிரிவிக் கவுன்சில் வரை சென்றும், மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலவினாவுக்கு விடை கிடைக்கவில்லை. 1972 இன் குடியரசு யாப்போடு அவ்வினா எழுந்த அடிப்படையே அகன்றது. வழக்காடாத எத்தனையோ பேர், தன்மானம் பெரிதென்று, காலத்துக்கு முன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர்.

திரும்பியவர் என் செய்தனர்? சிலர் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தனர். சிலர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைச் சதம் பிசகாமல் எழுதினர். சிலர் மண்வெட்டி பிடித்தனர். 1970 களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு வெங்காயமும் மிளகாயும் விலையேறியபோது, பேனா பிடித்த கையும் தோட்டஞ் செய்யும் என்று காட்டினர். இன்னுஞ் சிலர் வேலி வழக்கும் கிணற்றுப் பங்கு வழக்கும் கோயில் முகாமை வழக்கும் தொடுத்தனர். எம் தொழிலுக்கு அவர்களால் விளைந்த ஊதியம் சிறிதன்று. ஆகவே அவர்களை நாம் மிகக் கடிந்துரைப்பது நன்றிகெட்ட செயலாகும்.

இன்றைய நிலை யாது? 65 ஆக உயர்த்தப்பட்ட ஓய்வு வயது மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டு, 2022 டிசம்பர் 31 ஆந் திகதி பெருந்தொகையான உத்தியோகத்தர் ஒருங்கே வீடு திரும்பினர். தம் கணக்கில் ஐந்தாண்டு முந்தியே ஓய்வு வந்தவர்கள் அவர்கள். இரண்டேகால் ஆண்டு கழிந்து, 2025 மார்ச் 28 ஆந் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் கோரவேண்டும். கோரப்படாதவை அரச காணியாகும் என்பது அதன் பொருள். போரில் வீட்டையும் உறுதியையும் ஒருங்கே இழந்தவன், கடல் கடந்து வாழ்பவன், மூன்று மாதத்தில் எதைத் தேடுவான்? ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மூச்சுவிட இடங்கிடைத்தது. ஆயினும் அந்த மூன்று மாதத்தில், ஊருக்கு ஊர் மேசை போட்டமர்ந்து எழுதிக் கொடுக்க எத்தனை பேர் முன்வந்தனர் என்று இளைப்பாறியோர் தம் நெஞ்சைக் கேட்கட்டும்.

இது கீரிமலைக்கு அயலான செய்தியன்று. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு ஓடினர். பிறந்த மண்ணை மிதிக்கப் பலருக்கு இருபது, முப்பது ஆண்டுகள் சென்றன; காணிகள் இன்னும் முற்றாக விடுவிக்கப்படவுமில்லை. விடுபட்ட நிலத்தில் வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது. உறுதி தொலைந்துபோயிற்றே என்று கமக்காரன் கலங்குகிறான். கலங்க வேண்டுவதில்லை. நொத்தாரிசு முடித்த உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் சென்றிருக்கும். உறுதி இலக்கமும், முடித்தவர் பெயரும், ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தால் தேடிப் பிரதி எடுக்கலாம். ஆனால் தேடுவதற்கு ஆள் வேண்டும்; பதிவேட்டைப் புரட்டப் பழகிய கண் வேண்டும்.

பிரதி கைக்கு வந்தபின்னரும் ஒரு சிக்கல் உண்டு. எம் பழைய உறுதிகளில் எல்லைகள் மனிதர் பெயரால் எழுதப்பட்டவை. கிழக்கே இன்னாரது காணி, வடக்கே இன்னாரது முதுசம் என்றிருக்கும். அந்த இன்னார் யார், அவர் பிள்ளைகள் எவர், ஆறு பரப்பில் யாருக்கு எத்தனை குழி பங்கு என்று சொல்லவல்லோர் கேணிப்படியில் இருக்கும் அம்முதியோரே. அவர்களுள் ஒருவர் மறையும்போது ஒரு தோம்பே எரிந்துபோகிறது. நீதிமன்றத்தில் நாம் எத்துணை வாதாடினும் அச்சாட்சியத்தை உண்டாக்கவியலாது.

உழைத்துக் களைத்தவனை ஓய்ந்திருக்கவும் விடமாட்டீரா என்பர் சிலர். நியாயமான கேள்வியே. முப்பது ஆண்டு கோப்புக் கட்டியவருக்கு மீண்டும் கோப்பா? நாம் முழு நாளைக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், கீரிமலையில் ஏதேனும் ஒரு மடத்தில், ஒரு மேசையும் நான்கு நாற்காலியும். நில அளவையாளர் வரைபடம் பார்க்கட்டும். இலிகிதர் விண்ணப்பம் எழுதட்டும். சிங்களத்தில் வரும் கடிதங்களை, அன்று கட்டாயத்தின்பேரில் அம்மொழி கற்றவர் வாசித்துப் பொருள் சொல்லட்டும். சட்டம் சார்ந்தவற்றை எம் போன்றோர் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்வோம். கமக்காரர் கூலி தரவேண்டுவதில்லை. கொண்டுவரும் வாழைக்குலையை மறுக்கவும் வேண்டியதில்லை.

சென்ற கிழமை இதனைக் கேணியடியில் எடுத்துரைத்தோம். சிலர் சிரித்தனர், சிலர் கோயில் வழக்கொன்றின் தவணையைப் பற்றி எம்மிடம் விசாரித்தனர். இளைப்பாறிய நில அளவையாளர் ஒருவர் மட்டும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்து, "சனிக்கிழமை வருகிறேன், தம்பி. ஆனால் நாலு மணிக்கு முன் என்னை விட்டுவிட வேண்டும், இலண்டனிலிருந்து பேரப்பிள்ளைகள் அழைப்பார்கள்" என்றார். மூன்றரைக்கே விட்டுவிடுவதாக அவருக்கு வாக்களித்திருக்கிறோம்.