இடுப்பு வலியும் களைக்கொட்டின் காம்பும்

நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் இடுப்பு வலியென்று சொல்லாத வேலையாட்களைக் கிராமங்களிற் காண்பது அரிது. சேற்றில் மணிக்கணக்காய்க் குனிந்து நாற்று நடும் பெண்களுக்கும், நெல் மூட்டை சுமக்கும் ஆடவருக்கும் இது பொதுவான உபாதை. வேலைக்கு வராவிடில் கூலி இல்லை. வந்தாலோ முதுகெலும்பே கெட்டுவிடுமோ என்ற பயம். பயிரின் நோய்களைக் குறித்து இவ்வளவு பிரசாரம் செய்யும் விவசாய இலாகாக்கள், பயிரிடுவோரின் முதுகைக் குறித்தும் சில வார்த்தை சொல்லுவது முறையாகும்.

இலேசான இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும் என்பதே வேலையாட்களுக்கு முதலிற் சொல்லவேண்டிய செய்தி. எலும்பு தேய்ந்தது, ஜவ்வு விலகியது என்று கலங்கவேண்டுவதில்லை. படுக்கையிற் கிடப்பதே மருந்து என்ற பழைய கொள்கையும் இப்போது தள்ளப்பட்டுவிட்டது. பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடத்தி 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையில், இரண்டு நாள் படுத்திருந்தவர்களைவிட, வலி இடங்கொடுத்த அளவில் வழக்கமான காரியங்களைப் பார்த்துவந்தவர்களே விரைவிற் குணமடைந்தனர். ஆகையால் வேலையை அறவே நிறுத்துவதைவிட அதை மாற்றிக்கொள்ளுவதே நலம். குனிந்து செய்யும் வேலையினின்று சில நாள் விலகி, நின்றும் நடந்தும் செய்யும் வேலையைப் பார்க்கலாம். அடிக்கடி நிமிர்ந்து வரப்பில் நாலடி நடக்கலாம். இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். முதுகைப் பிறர் மிதிக்கச் செய்யும் வழக்கத்தை விட்டொழிப்பதே மேல்.

காலில் மரமரப்போ பலவீனமோ கண்டாலும், மலஜலம் அடக்கமுடியாமற் போனாலும், காய்ச்சலுடன் வலி வந்தாலும், கீழே விழுந்தபின் வலி எடுத்தாலும் அது இலேசான வலியன்று. தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இவற்றைக் கற்பித்து, மூட்டை தூக்கும் முறையையும் காட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நிலச்சொந்தக்காரர் எண்ணுவது பிசகு. தூக்கும் முறையைப் போதிப்பதால் மட்டும் இடுப்பு வலி தடுக்கப்படுவதாக ஆராய்ச்சிகளிற் காணவில்லை. சுமையும் கருவியும் மாறவேண்டும். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967ஆம் ஆண்டிலேயே, ஓர் ஆடவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மிஞ்சியிருக்குமானால் அதைக் குறைக்க வழிசெய்யவேண்டுமென்று சிபார்சு செய்தது. 75 கிலோ மூட்டையை ஒரே முதுகில் ஏற்றுவோர் இதைக் கவனிப்பாராக.

கருவியின் விஷயத்தில் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாகாணத்தின் அனுபவம் அறியத்தக்கது. அங்கே கீரைத் தோட்டங்களிலும் சர்க்கரைக் கிழங்கு வயல்களிலும் குட்டைக் காம்புள்ள களைக்கொட்டைக் கொடுத்து நாள் முழுவதும் வேலையாட்களைக் குனியச் செய்துவந்தார்கள். நீண்ட காம்பினால் பயிர் சேதமுறும் என்பது தோட்டக்காரர்களின் வாதம். தொழிலாளர் வழக்காடியதன் பயனாக 1975ஆம் ஆண்டில் அக்கருவி தடைசெய்யப்பட்டது. அதனால் அங்கே விவசாயம் நின்றுபோகவில்லை.

நம் நாட்டுக் கடலை, சோளக் காடுகளிலும் களைக்கொட்டின் காம்பு பெரும்பாலும் குட்டையே. வரிசை நடவு செய்த நெல் வயலில் நிமிர்ந்து நின்று தள்ளும் கோனோ களைக்கருவி உதவும். சேற்றில் அதைத் தள்ளுவது சிரமம் என்ற குறையும் உண்டு. பயிரின் அடியில் உள்ள களையைக் கையாலேதான் எடுக்கவேண்டும் என்பதும் மெய்யே. ஆனாலும் இடைவெளியிலுள்ள களைக்கு அது அவசியமன்று. நீண்ட மூங்கிற் காம்பு போட்டு, அதற்கேற்பக் கொல்லரிடம் அலகின் சாய்வை மாற்றிக்கொண்டால் போதும். அச்செலவை வேலையாளின் கூலியிற் பிடிக்காமல் நிலச்சொந்தக்காரரே ஏற்பது நியாயம். அடுத்த களையெடுப்புக்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.