ஐ7 இருந்தால் போதுமா?

லேப்டாப் வாங்க காந்திபுரம் போனால் 'ஐ7 சார், எல்லாம் ஓடும்' என்பார்கள். ஈரோட்டில் கல்யாண மேடைகளுக்கு லைட்டிங் செய்யும் என் மச்சான் 2024-ல் அதை நம்பி வாங்கினார். கேப்சர் என்ற சாஃப்ட்வேரில் மேடையை அமைத்து, புகைக்குள் ஒளிக்கற்றைகள் சுழல்வதைப் பெண் வீட்டாருக்குக் காட்ட வேண்டும். நாற்பது லைட் சேர்த்ததும் படம் தத்தித் தத்தி நகர்ந்தது. 'ஏனுங்க, நெசத்துலயும் இப்படித்தான் நின்னு நின்னு சுத்துமா?' என்றார் பெண்ணின் அப்பா. ஆர்டர் போயிற்று.

அந்த லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரேமிலேயே பங்கு கேட்கும் ஆன்போர்டு கிராபிக்ஸ்தான். ஒளிக்கற்றைகளை வரைவது பெரும்பாலும் பிராசசரின் வேலையல்ல, கிராபிக்ஸ் சிப்பின் வேலை. ஐ5 ஆனாலும் பரவாயில்லை, மிச்சப் பணத்தைத் தனி கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள் என்பேன். அதிலும் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப், மாடலைப் பொறுத்து 35 வாட் முதல் 115 வாட் வரை வருகிறது. வேகம் ஒன்றாகவா இருக்கும்? வாட் எவ்வளவு என்று கேளுங்கள். முடிந்தால் டெமோ பதிப்பைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பேட்டரியில் ஓட்டினால் கிராபிக்ஸ் வேகம் குறையும். மண்டபத்துக்குச் சார்ஜரையும் எடுத்துப் போங்கள்.