ரஹீம் வாத்தியாரும் பிரான்சின் பள்ளிக்கூடமும்

சங்கரன்கோவிலில் ஒரு பையனுக்கு கால்பந்து கற்றுக்கொள்ள ஆசை வந்தால் யாரிடம் போவான்? பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரிடம்தான். அவருக்கோ பிரேயருக்கு வரிசை நிறுத்துவதிலிருந்து ஆண்டு விழாவுக்கு மேடை பார்ப்பது வரை ஆயிரம் வேலை. மிச்சமிருக்கும் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார் (திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை!). அதையும் மீறி ஒரு மணி நேரம் கிடைத்தால், பந்தைக் கொடுத்து "ஆடுங்கடா" என்று விட்டுவிடுவதுதான் பயிற்சி. அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இத்தனைக்கும் இந்தியக் கால்பந்தை உச்சியில் கொண்டுபோய் வைத்தவரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளராகி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இந்திய அணி அவர் கையில் 1951 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்த ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல். ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? தையலோடு இருந்தவரை முன்வரிசைக்கு அனுப்பினார். ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதி ஆட்டத்திலும் போட்டார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ் இறுதி ஆட்டத்துக்கு கோல்கீப்பராகத் திரும்பி வந்தார். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம்! ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூனில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு? 1970ல் ஒரு வெண்கலம். ஆசியப் போட்டியில் ஆண்கள் கால்பந்துக்குக் கிடைத்த கடைசிப் பதக்கம் அதுதான்.

இங்கேதான் பிரான்ஸ் வருகிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ரஹீமின் இந்தியாவும் பிரான்சும் மோதி 1-1 என்று சமன் செய்தன. (பிரான்ஸ் அனுப்பியது அமெச்சூர் அணி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பிரான்சில் ஜார்ஜ் பூலோன் என்றொருவர் 1969 முதல் 1973 வரை தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஜெயித்துக் கொடுத்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1974 உலகக் கோப்பைக்குக்கூட பிரான்ஸ் தகுதி பெறவில்லை. ஆனால் அந்த மனிதர் தோற்றுக்கொண்டே வேறொரு வேலை செய்தார். நாடு முழுக்கப் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி, 1972ல் விஷி நகரத்தில் இளைஞர்களுக்கான தேசியக் கால்பந்து நிலையம், பெரிய கிளப்புகள் எல்லாம் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி வைக்க வேண்டும் என்ற விதி. 1984ல் பிரான்ஸ் ஐரோப்பிய சாம்பியன், 1998ல் உலக சாம்பியன். அதைப் பார்த்துவிட்டு 1999ல் பூலோன் கண்ணை மூடினார்.

ரஹீமிடம் விஷயம் இல்லாமல் இல்லை. பூலோனைவிடக் கெட்டிக்காரர் என்றே சொல்லலாம். பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது, பாஸ் மட்டும்தான் என்று ஒரு போட்டி. பழகாத காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி. இப்படி ஹைதராபாத் பையன்களைத் தயார் செய்தார். அந்த வித்தையை எழுதி, பாடமாக்கி, மாவட்டம் மாவட்டமாக பி.டி. வாத்தியார்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. 2024ல் அவரைப் பற்றி 'மைதான்' என்று இந்திப் படம் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் படம் பார்த்து பாஸ் கொடுக்கப் பழக முடியாதே...

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தில் பயிற்சியாளர்களுக்கு 'டி' லைசென்ஸ் என்று ஆரம்பநிலைப் படிப்பு இருக்கிறது. தென்காசி மாவட்டத்து பி.டி. வாத்தியார்களைக் கோடை விடுமுறையில் கல்விச் செலவில் அதற்கு அனுப்பலாம். அதுவரைக்கும், பழகாத கால் போட்டி நடத்த யாருடைய உத்தரவும் தேவையில்லை. ஒரு பந்து, ஒரு விசில், கணக்கு வாத்தியார் திருப்பித் தரும் ஒரு பீரியட்.