அறிந்து கொள்வோம்: பெயர் வரும்வரை காத்திருக்கலாமா?



மாரி தொடங்கிவிட்டால் நம்மில் பலருக்கு வானொலிச் செய்தியில் ஒரு காது இருந்துகொண்டே இருக்கும். "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்றதும், "புயலா, இல்லையா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். வெறும் தாழமுக்கம் என்றால் மனம் ஆறிவிடுகிறது. இது சரிதானா? இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

கடல்நீர் நன்றாகச் சூடேறும்போது ஈரக்காற்று மேலெழுகிறது. அவ்விடத்தில் அமுக்கம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அங்கே விரைகிறது. பூமி சுழல்வதால் அது நேராகப் போகாமல் சுழலத் தொடங்குகிறது. சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீற்றரை எட்டினால் அது தாழமுக்கம். 51 ஆனால் ஆழமான தாழமுக்கம். 62ஐத் தாண்டினால்தான் சூறாவளி. பெயர் வைப்பதும் அப்போதுதான். 13 நாடுகள் சேர்ந்து கொடுத்த பட்டியலில் இருந்து வரிசைப்படி பெயர் எடுக்கப்படுகிறது.

இந்த அளவுகள் எல்லாம் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கின்றன. எவ்வளவு மழை கொட்டும் என்பதை இவை சொல்வதில்லை.

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் காற்றே பேரழிவைச் செய்தது. ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். ஆனால் 2008 நவம்பரில் வந்த 'நிஷா'வை நினைத்துப் பாருங்கள். அது சூறாவளியாகிப் பெயர் பெறுவதற்கு முன்னரே, யாழ்ப்பாணத்தில் மிகப் பலத்த மழை கொட்டியது. வன்னியில் தறப்பாள் கொட்டில்களில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நம்மில் பலர் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா'வும் காற்று வேகத்தில் பெருஞ்சூறாவளி அல்ல. ஆனாலும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலில் இருந்து வெகுதூரத்தில் உள்ள மலையகத்தில்தான் பெரும் உயிரிழப்பு.

"நேற்று ஓரிடம் சொன்னார்கள், இன்று வேறிடம் சொல்கிறார்கள்" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். வானிலையாளர்கள் செய்மதிப் படங்கள், கடலின் வெப்பம், மேல்வானக் காற்று ஆகியவற்றைக் கணினியில் இட்டுக் கணக்கிடுகிறார்கள். சுழற்சிக்குத் தெளிவான மையம் உருவாகும்வரை அதன் திசையைச் சொல்வது கடினம். மையம் உருவான பின்னரும் கணக்கு மாறலாம். ஆகவே காலையில் கேட்ட செய்தியை மாலைவரை நம்பி இருக்காமல், புதிய அறிவித்தலைக் கேட்க வேண்டும்.

வரைபடத்தில் காட்டும் கோடும் மையம் போகும் வழி மட்டுமே. மழை முகில்கள் அதைச் சுற்றிப் பல நூறு கிலோமீற்றர் பரந்திருக்கும். 2020 டிசம்பர் 2 இரவு 'புரெவி' திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. பின்னர் மன்னார் வளைகுடாவில் அசையாமல் நின்றது. மையம் கடந்து போன பின்பும் யாழ்ப்பாணத்தில் மழை விடவில்லை, வெள்ளம் ஏறியது.

எனவே செய்தியில் பெயரை மட்டும் தேடாமல், மூன்று விடயங்களைக் கேளுங்கள். எங்கள் மாவட்டத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் மழை? எந்தக் குளத்தின் வான்கதவு திறக்கப்படுகிறது? மலைப்பகுதியானால், மண்சரிவு எச்சரிக்கை எந்த நிறம்? சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். ஐயம் இருந்தால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பலத்த காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வந்துவிடாதீர்கள். மையம் உங்களைக் கடந்துகொண்டிருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து மீண்டும் வீசும்.

வீட்டுப் பொறுப்பைத் தனியே சுமக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வயதான தாயையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரவில் வெள்ளத்தில் இறங்குவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போவதென்றால் பகலிலேயே போங்கள். முதலிலேயே போனால் பாடசாலையிலோ பொதுமண்டபத்திலோ வெளிச்சமுள்ள, மலசலகூடத்துக்குக் கிட்டிய இடத்தைப் பிடிக்கலாம். அயலில் தனித்திருக்கும் முதியவரையும், நடக்க இயலாதவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

அடையாள அட்டை, பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், காணாமற்போன உறவுகளுக்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், அவர்களின் படங்கள் யாவற்றையும் இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி ஒரே இடத்தில் வையுங்கள். இடம்பெயர்வுகளில் ஒருமுறை தொலைத்தவற்றை மீண்டும் எடுக்க எத்தனை அலுவலகப் படிகள் ஏறினோம்! இம்முறை அவை நனையக் கூடாது. மழை தொடங்க முன் இன்றே செய்து வையுங்கள்.