பெட்டி மேல் பழி போடாதீர்கள்!



வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பத்துநான்கு வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன் நான். ஒரு பீரியடுக்குக் குறைந்து பேச வராது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அம்மாவிடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறாள். பிறந்தநாளுக்கு அவளுக்கு ஒரு மிடி கன்ட்ரோலர் வாங்கிக் கொடுத்தோம். 25 கட்டை உள்ள சின்னப் பெட்டி. கம்ப்யூட்டரில் செருகி, இசை மென்பொருளைத் திறந்தால் வீணையோ புல்லாங்குழலோ எது வேண்டுமானாலும் அதில் வாசிக்கலாம். மூன்றே வாரத்தில் அதைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டாள். ஏம்மா என்று கேட்டேன்.

"தாத்தா, தோடி வாசிச்சா தோடி மாதிரியே இல்ல. சரி, பாடி ரெக்கார்டு பண்ணுவோம்னா, நான் பாடுனதையும் தப்புன்னு சாஃப்ட்வேர் நேராக்கிடுது. அப்போ அஞ்சு வருஷமா நான் தப்பாத்தான் பாடிட்டிருக்கேனா?"

போன மாதம் ராஜபாளையத்தில் என் தங்கை வீட்டு விசேஷத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது இதைச் சொன்னேன். உடனே இரண்டு கட்சி. பெரியவர்கள் கட்சி: "அது வெள்ளைக்காரன் பெட்டி. நம்ம ராகம் அதில் வராது. தூக்கிப் போடச் சொல்லுங்க." இளசுகள் கட்சி: "மாமா, கமகமெல்லாம் இப்ப யாரு கேக்குறா? நேரா பாடப் பழகச் சொல்லுங்க. உலகம் பூரா அதுதான் ஓடுது."

இரண்டு கட்சிக்கும் என் பதில் ஒன்றுதான். உங்கள் இருவருக்கும் உள்ள வியாதி சோம்பல். ஒருவர்கூட அந்தப் பெட்டியின் செட்டிங்கைத் திறந்து பார்க்கவில்லை.

முதலில் மிடி என்றால் என்னவென்று பாடம் நடத்திவிடுகிறேன். தலைமையாசிரியர் ஒரு சீட்டில் "மூன்றாம் மணி அடிக்கவும்" என்று எழுதிக் கொடுப்பார். பியூன் போய் மணி அடிப்பார். சீட்டுக்குச் சத்தம் கிடையாது. சத்தம் மணியில் இருக்கிறது. மிடி என்பது அந்தச் சீட்டு. எந்தக் கட்டையை அழுத்தினாய், எவ்வளவு வேகமாக அழுத்தினாய், எப்போது விட்டாய் என்று எண்களாக எழுதி அனுப்பும், அவ்வளவுதான். கட்டைக்கு 0 முதல் 127 வரை எண். அழுத்திய வேகத்துக்கும் அதே கணக்கு. ஒலி எழுப்புவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கருவி.

1983-ல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒத்துக்கொண்ட பொது மொழி இது. எங்களுக்கு ராயல்டி கொடு என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இன்றுவரை எந்தக் கம்பெனிப் பெட்டியும் எந்த மென்பொருளோடும் பேசுகிறது. 2013-ல் இருவருக்கும் இதற்காக டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

இப்போது பெரியவர்கள் கட்சிக்கு வருகிறேன். கட்டை போட்ட கருவியில் கமகம் வராது என்கிறீர்கள். ஆர்மோனியத்துக்கு அது சரி. அதன் நாக்குகள் நிலையானவை, வளைக்க முடியாது. இந்தக் குறையைச் சொல்லித்தான் 1940-ல் வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்து, ஏறத்தாழ முப்பது வருஷம் வெளியே நிறுத்தியது. ஆனால் ஆர்மோனியத்தின் குற்றப்பத்திரிகையை இந்தப் பெட்டி மேல் ஒட்டாதீர்கள். இதில் கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது. பிட்ச் பென்ட் என்பார்கள். அது சுரத்தை வளைக்கத்தான் இருக்கிறது. அதற்கு 16,384 படிகள். அந்தச் சக்கரம் எவ்வளவு தூரம் வளைக்கும் என்பதைத் தீர்மானிப்பது கருவியின் செட்டிங். பெரும்பாலும் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்று வைத்தே தருகிறார்கள். தோடியின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடும். அந்த ஆட்டத்துக்கு இந்த அளவே போதும். கீழே இரண்டு அரைச்சுரம் போனால் சுத்த ரிஷபம், மேலே இரண்டு போனால் சுத்த மத்யமம். ஆனால் சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு வேண்டுமென்றால் ஏழு அரைச்சுரம் வேண்டும். அப்போது எல்லையை 12 என்று மாற்ற வேண்டும். மாற்றினாலும் ஒரு அரைச்சுரத்துக்கு 680-க்கு மேல் படிகள் மிஞ்சும். இதை யார் மாற்றுவது? வெள்ளைக்காரனா வருவான்?

நம் முன்னோர்கள் இப்படிக் கைகட்டி நிற்கவில்லை. வயலின் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரர்கள் தாடையில் இடுக்கி வாசித்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். நாம் அதைச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைக் காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்டி நம்முடையதாக்கினோம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார்? இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி உள்ள கருவியை, ஐந்து ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினாக மாற்றி அதில் கமகத்தைக் கொண்டுவந்தார். அவர்கள் கருவியைத் திருத்தினார்கள். நாம் காதைத் திருத்திக்கொள்கிறோம்.

இளசுகளே, சிரிக்காதீர்கள், அடுத்து உங்கள் முறை. நேராகப் பாடப் பழகு என்கிறீர்களே, எது நேர்? குரலைத் திருத்தும் மென்பொருள் ஆட்டோட்யூன் 1997-ல் வந்தது. செய்தவர் ஆண்டி ஹில்டிபிரான்ட். அதற்கு முன் பூமிக்குள் எண்ணெய் எங்கே இருக்கிறதென்று அதிர்வலைகளை ஆராய்ந்து கண்டுபிடித்தவர். கெட்டிக்காரர். ஆனால் இந்த வகை மென்பொருளுக்குத் தோடி தெரியாது. பன்னிரண்டு படிகளில் எது பக்கமோ அதில் குரலைத் தூக்கி உட்கார வைக்கும். ஆடுகிற காந்தாரம் அதற்குத் தள்ளாடுகிற காந்தாரம். ஐந்து வருஷம் சாதகம் செய்த குழந்தையின் குரலைத் தப்பு என்று சொன்னது அந்த ஒரு பட்டன். அது ஆன் செய்தே இருந்தது. அணைக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் ஒரு வகுப்பில் பணம் கட்டிப் படித்தாள். அங்கே கிடைத்த பதிலும் "கமகத்தைக் குறைச்சுக்கோம்மா" என்பதுதான்.

தாளமும் இதே கதைதான். புதுசாகத் திறந்தால் மென்பொருள் நான்குக்கு நான்கு என்றே நிற்கும். மிஸ்ர சாபு வேண்டுமா? ஏழுக்கு எட்டு என்று மாற்று. அதைவிட முக்கியம், குவான்டைஸ் என்று ஒன்று உண்டு. நீ வாசித்ததை அருகில் உள்ள கட்டத்துக்கு இழுத்துவிடும். கட்டங்கள் ஒரு அடிக்கு நான்கு என்று இருக்கும்போது நீ கண்ட நடையில் ஐந்து வாசித்தால், உன் கணக்கை உடைத்துத் தன் கணக்கில் போடும். அதையும் அணை.

ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கிற என் மாணவர்களைக் கேட்கிறேன். மெஷின் எந்த நாட்டில் செய்ததாகவும் இருக்கட்டும், 40-ஆம் நம்பர் நூலா 80-ஆம் நம்பர் நூலா என்று முடிவு செய்வது யார்? மெஷின் வந்தபடியே ஓட்டிவிட்டு, "இதில் நம் நூல் வராது" என்று எந்த சூப்பர்வைசராவது சொன்னால் அவருக்கு மறுநாள் வேலை இருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பேத்தியும் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. கட்டையை அழுத்தினால் சத்தம் தாமதமாக வந்தது. பஃபர் 1024 என்று இருந்ததை 128 ஆக்கினோம். 23 மில்லி செகண்ட் காத்திருப்பு 3 ஆகக் குறைந்தது. "தாளம் நிக்கலன்னு நினைச்சேனே, இதுதானா?" என்றாள். சக்கரத்தின் எல்லையைப் பார்த்தோம். வீணைக்கு 2, புல்லாங்குழலுக்கு 12 என்று கிடந்தது. ஒரே தள்ளு தள்ளினால் ஒன்றில் மத்யமம், இன்னொன்றில் எங்கேயோ போய்விடும்! இரண்டையும் ஒன்றாக்கினோம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது புதுசாக மீட்டாமல் தொடர்ந்து ஒலிக்கும்படி மோனோ, லெகாட்டோ வைத்தோம். குரல் திருத்தும் பட்டனையும் குவான்டைஸையும் அணைத்தோம்.

தோடி வந்ததா? சாயல் வந்தது. அவள் குரலில் இருப்பதில் பாதிகூட வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். வாய்ப்பாட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் இது மாற்று என்று நான் சொல்லவே இல்லை. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரை நிறுத்திவிட்டு கீபோர்டில் நாதஸ்வர டோன் போடுகிறவர்களுக்கு இந்தப் பதிவைச் சாட்சியாகக் காட்டாதீர்கள். ஆனால் பேத்தி சொன்னாள்: "நான் தப்பில்ல தாத்தா, செட்டிங்தான் தப்பு." எனக்கு அது போதும்.

ஒரு பாவமன்னிப்பும் பாக்கி இருக்கிறது. 1994 ஆண்டு விழாவுக்கு, ரோஜா பாட்டு ஊரெல்லாம் ஒலித்த காலத்தில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இரவல் கீபோர்டு கொண்டுவந்து வாசிக்கட்டுமா சார் என்றான். "பொம்மையெல்லாம் மேடை ஏறக் கூடாது" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பொம்மையின் சக்கரத்தை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்று ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் கான்டினம் வாசிக்கிறார். தனிக் கட்டையே இல்லாமல், விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும் கருவி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வருகிறது. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று நம்புகிறேன். தப்பு என்னுடையது.

ஆடிப்பூரத் தேரை ஆயிரம் பேர் இழுப்பார்கள். வீதி முனையில் தேரைத் திருப்புவது சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். கட்டை போட ஆள் இல்லையென்றால் தேர் தன் போக்கில் போகும். அப்புறம் தேரைத் திட்டிப் புண்ணியமில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு பெட்டியைத் துணி சுற்றி மேலே வைத்திருந்தால் இறக்குங்கள். வருகிற ஞாயிறு ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். புரியவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை!

திட்டுகிறவர்கள் எந்த வருஷத்து பேட்ச் என்று போட்டுத் திட்டவும்.